திராக்மா போய் யூரோ வந்தது: கிரீஸ் கொடுத்த விலை

கிரீஸின் ஒரு யூரோ நாணயத்தில் ஓர் ஆந்தை இருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரம் அச்சடித்த நான்கு திராக்மா வெள்ளிக்காசில் இருந்த ஆந்தைதான் அது. பழைய சின்னத்தைப் புதுக் காசில் பொறித்துக்கொள்ளும் உரிமை நாட்டுக்குக் கிடைத்தது. ஆனால் வட்டி என்ன, பணம் எவ்வளவு புழங்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஏதென்ஸை விட்டு, ஃபிராங்க்பர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கிக்குப் போய்விட்டது. சொந்த நாணயத்தை விட்டுக் கொடுக்கலாமா என்று எந்த நாடு யோசித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கிரீஸைத்தான். நல்ல காலம், கெட்ட காலம் இரண்டையும் இரண்டு நாணயங்களிலும் வாழ்ந்து பார்த்த நாடு அது.

திராக்மா காலத்தைப் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. இரண்டாம் உலகப் போரில் அந்நியப் படைகள் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது பணவீக்கம் கட்டுமீறிப் போனது. 1944 நவம்பரில் 10,000 கோடி திராக்மா நோட்டே வெளிவந்தது. அதே மாதம் பழைய 5,000 கோடி திராக்மாவுக்குப் புதிய திராக்மா ஒன்று என்று கணக்கைத் திருப்பி எழுதினார்கள். பணமாகச் சேர்த்து வைத்தவர்களிடம் மிஞ்சியது வெறும் காகிதம். 1953 ஏப்ரலில் அமைச்சர் ஸ்பிரோஸ் மார்க்கெசினிஸ் ஒரே அறிவிப்பில் திராக்மாவின் மதிப்பைப் பாதியாக்கினார். 15,000 திராக்மாவுக்குக் கிடைத்த டாலர் 30,000 ஆனது. மறு ஆண்டு மூன்று சுழியங்களை வெட்டி டாலருக்கு 30 திராக்மா என்று நிறுத்தினார்கள். அந்த விலை ஏறக்குறைய இருபது ஆண்டு நிலைத்தது. நாடு வேகமாக வளர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மாறியது. விலைவாசி ஆண்டுக்கு இரட்டை இலக்கத்தில் ஏறியது. விலை ஏறினால் கூலி ஏறும், கூலி ஏறினால் ஏற்றுமதி படுக்கும், உடனே அரசு நாணய மதிப்பைக் குறைக்கும். 1983 ஜனவரியில் 15.5 சதவீதம், 1985 அக்டோபரில் 15 சதவீதம், 1998 மார்ச்சில் மீண்டும் ஒரு முறை. மதிப்பைக் குறைத்ததும் ஜெர்மனியிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிக்குத் தீவுகள் மலிவாகும். ஆலிவ் எண்ணெய் வாங்கும் வெளிநாட்டு வியாபாரிக்கும் மலிவாகும். பெட்ரோலுக்கும் இறக்குமதி மருந்துக்கும் உள்ளூர்க்காரர் கூடுதலாகக் கொடுப்பார். சம்பளச் சீட்டில் எண் குறையாது. அந்தச் சம்பளத்தில் வாங்கும் பொருள் குறையும். இழப்பு ஊர் முழுக்கப் பரவிப் போகும். அதனால்தான் அரசுகளுக்கு அது எளிதாக இருந்தது, மக்களுக்கு அலுப்பாகவும் இருந்தது. 1954இல் 30 திராக்மாவாக இருந்த டாலர், 2000இல் 350ஐத் தாண்டியது.

அந்த அலுப்பில்தான் கிரீஸ் யூரோவை நோக்கிப் போனது. 1998இல் முதல் 11 நாடுகளைத் தேர்ந்தெடுத்தபோது தகுதி போதாது என்று கிரீஸை ஒதுக்கினார்கள். 2001 ஜனவரி 1 அன்று அது உள்ளே வந்தது. 340.75 திராக்மாவுக்கு ஒரு யூரோ என்று விகிதம் முடிவானது. 2002 ஜனவரி 1 முதல் யூரோ நோட்டும் சில்லறையும் கைக்கு வந்தன. பிப்ரவரி 28க்குப் பிறகு கடைகளில் திராக்மா செல்லவில்லை. பெட்டிக்கடையில் 50 திராக்மாவுக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில் 50 சென்ட் ஆகிவிட்டது என்று மக்கள் குறைப்பட்டார்கள். 50 சென்ட் என்றால் 170 திராக்மா. அரசு வெளியிட்ட விலைவாசிக் கணக்கில் அப்படிப் பெரிய ஏற்றம் தெரியவில்லை. ஆனால் அன்றாடம் சில்லறை கொடுத்து வாங்குகிறவருக்கு அந்தப் பாட்டிலின் விலைதான் கணக்கு.

உண்மையான மாற்றம் வட்டியில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் வங்கிக் கடனுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கட்டியவர்களுக்கு, பத்தே ஆண்டில் ஐந்து சதவீதத்தையொட்டி வீட்டுக் கடன் கிடைத்தது. இளம் தம்பதியர் வீடு வாங்கினார்கள், சிறு வியாபாரிகள் கடையைப் பெரிதாக்கினார்கள். அரசுக்கும் அப்படித்தான். 2005 வாக்கில் கிரீஸுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஜெர்மனியிடம் கேட்ட வட்டியைவிடச் சொற்பமே கூடுதலாகக் கேட்டார்கள். இரு நாட்டுக் கடனும் ஒரே நாணயத்தில் இருந்ததால், இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே சந்தை பார்த்தது. கிரீஸ் அரசு தாராளமாகக் கடன் வாங்கியது. பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டிய கணக்கு 2004இலேயே வெளிச்சத்துக்கு வந்தது. அப்போதும் கடன் நிற்கவில்லை. 2009 அக்டோபரில் பதவிக்கு வந்த ஜார்ஜ் பாப்பாந்திரேயூ அரசு உண்மைக் கணக்கைத் திறந்தது. கடைசியாகத் திருத்தி முடித்தபோது அந்த ஆண்டுப் பற்றாக்குறை நாட்டு வருமானத்தில் 15 சதவீதத்தை எட்டியிருந்தது. தவறு கிரீஸ் ஆட்சியாளர்கள் மீது இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்த ஐரோப்பிய வங்கிகள் மீதும் இருந்தது.

இதே நிலைமை 1985இல் வந்திருந்தால் திராக்மா மதிப்பிறங்கியிருக்கும். 2010இல் இறக்குவதற்குச் சொந்த நாணயம் இல்லை. ஆகவே சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நேரடியாக வெட்டினார்கள். 2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடனுதவி வந்தது. அதற்கான நிபந்தனைகளும் கூடவே வந்தன. 2012 பிப்ரவரியில் மாதம் 751 யூரோவாக இருந்த குறைந்தபட்சக் கூலியை 586 ஆக்கினார்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 511. வாங்கிய வீட்டுக் கடன் தொகை மட்டும் அதனால் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. மதிப்பிறக்கத்துக்கும் கூலிவெட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கூலியை வெட்டும்போது வருமானம் சுருங்கும், கடன் அப்படியே நிற்கும். நாட்டின் உற்பத்தி நான்கில் ஒரு பங்கு கரைந்தது. 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. இளைஞர்களில் வேலை தேடியவர்களில் பாதிக்கு மேல் வேலை கிடைக்கவில்லை. மருத்துவர், பொறியாளர் என்று படித்தவர்கள் உட்பட லட்சக்கணக்கானோர் வெளிநாடு போனார்கள். 751 யூரோ என்ற பழைய கூலியை நாடு மறுபடி தாண்டியது 2023இல்தான்.

கடன் கொடுத்தவர்களுடன் பேச்சு முறிந்ததும் 2015 ஜூன் கடைசியில் வங்கிகளை மூடினார்கள். ஏடிஎம்மில் ஒருவர் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்றது அரசு. பல இடங்களில் 20 யூரோ நோட்டு தீர்ந்துபோனதால் கைக்குக் கிடைத்தது 50 மட்டுமே. வெளிநாட்டு அட்டைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சுற்றுலாப் பயணி வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டு போக, சொந்த ஊர்க்காரர் வரிசையில் நின்றார். ஏடிஎம் அட்டையே இல்லாத முதியவர்களுக்காகச் சில கிளைகளைத் திறந்து, அந்த வாரத்துக்கு 120 யூரோ கொடுத்தார்கள். அதற்காக விடியற்காலையிலிருந்து வங்கி வாசலில் கூட்டம் காத்திருந்தது. நாட்டின் மத்திய வங்கிக்குத் தன் நாட்டுப் பணத்தை வேண்டிய அளவு அச்சடிக்க முடியாது என்பதன் பொருள் அந்த வரிசையில்தான் முழுதாகப் புரிந்தது.

ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதத்தினர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை வேண்டாம் என்றார்கள். ஒரே வாரத்தில், அந்த வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் மேலும் கடுமையான நிபந்தனைகளுக்குச் சம்மதித்து 8,600 கோடி யூரோ உதவிக்கு வழி செய்தார். அவரைக் கோழை என்று திட்டியவர்கள் பலர். ஆனால் வெளியேறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். புதிய திராக்மா வந்த அன்றே மதிப்பிழக்கும். வெளிக்கடனோ யூரோவிலேயே நிற்கும். அப்படி ஒரு பேச்சு கிளம்பினாலே ஆளுக்கு ஆள் வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார்கள். ஆகவே, வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற அதே மக்களில் பெரும்பான்மையினர் யூரோவிலேயே இருக்க வேண்டும் என்று கருத்துக்கணிப்புகளில் சொன்னதில் முரண்பாடு இல்லை. உள்ளே வரும் வழியை ஒப்பந்தத்தில் விரிவாக எழுதியவர்கள், யூரோவை மட்டும் விட்டு வெளியே போகும் வழியை எழுதவே இல்லை.

அப்படியானால் சொந்த நாணயமே காப்பா? 2022இல் இலங்கையைப் பார்த்தோம். அந்நாட்டுக்குச் சொந்த ரூபாய் இருந்தது, சொந்த மத்திய வங்கி இருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயையொட்டி இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை நெருங்கியது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்றது. வரவுக்கு மீறிக் கடன் வாங்கிய நாட்டை எந்த நாணயமும் காப்பாற்றாது. இழப்பு யார் தலையில், எந்த வழியில் விழும் என்பதைத்தான் நாணயம் தீர்மானிக்கிறது. சொந்த நாணயம் இருந்தால் விலைவாசி வழியாக எல்லார் வீட்டிலும் விழும். பொது நாணயத்தில் வேலை இழந்தவர், ஓய்வூதியக்காரர், படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை ஆகியோர் தலையில் குவியும்.

இன்றைய கிரீஸ் மீண்டு வந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் கடனுதவித் திட்டங்களிலிருந்து வெளியே வந்தது. 2023இல் முதலீட்டுத் தகுதி மதிப்பீட்டைத் திரும்பப் பெற்றது. 2025இல் குறைந்தபட்சக் கூலி 880 யூரோ. ஐரோப்பாவும் கொஞ்சம் கற்றுக்கொண்டது. 2012இல் நிரந்தர மீட்பு நிதி வந்தது. கொரோனா காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா நாடுகளின் பேரிலும் பொதுவில் கடன் வாங்கி 75,000 கோடி யூரோ நிதியை உருவாக்கியது. கிரீஸுக்கும் அதில் நல்ல பங்கு கிடைத்தது. 2010இல் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் ஒரு தலைமுறை இவ்வளவு அடிபட்டிருக்காது.

யூரோவின் அடிப்படைக் குறை இதுதான். கூட்டுக்குடும்பம் என்று பெயர் வைத்துப் பெட்டிச்சாவியை ஒருவரிடம் கொடுத்தார்கள். ஒருவருக்கு நோய் வந்தால் செலவு யாருடையது என்று பேசி வைக்கவில்லை. இந்தியாவில் தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் ஒரே ரூபாய். அதற்கு மேலே ஒரே மத்திய அரசு, ஒரே வருமான வரி, நிதிக்குழு வழிப் பங்கீடு எல்லாம் இருக்கின்றன. பங்கீட்டில் சண்டை உண்டு, ஆனால் பங்கீடு உண்டு. யூரோ நாடுகளுக்கு அப்படியொரு பொதுப் பை சிறிய அளவில்தான் இருக்கிறது.

2023இல் குரோஷியாவும் 2026இல் பல்கேரியாவும் யூரோவுக்கு மாறின. டென்மார்க் மக்கள் 2000இலும் சுவீடன் மக்கள் 2003இலும் வாக்களித்து வேண்டாம் என்றார்கள். அதனால் அவர்கள் ஏழையாகிவிடவும் இல்லை. நாணயத்தை விட்டுக் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கெட்ட காலத்தில் செலவைப் பகிர்ந்துகொள்வோம் என்று கூட்டாளிகள் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு கொடுங்கள். அந்த எழுத்து இல்லாமல் கொடுத்தால், தாமே தேர்ந்தெடுக்காத நிபந்தனைகளின்படி நாட்டின் ஏழைகளும் இளைஞர்களும் தங்கள் கூலியில் அந்தப் பணத்தைக் கட்டுவார்கள். எந்த அரசுக்கும் தன் மக்களை அப்படி அடகு வைக்கும் உரிமை இல்லை.