துரு உரிக்கும் மின்சாரம்

துருப்பிடித்த இரும்பைச் சுத்தம் செய்ய நம் வீடுகளில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். புளியைக் கரைத்து அதில் ஊறப்போடுவார்கள். மண்ணெண்ணெயில் முக்கிவைத்துவிட்டு மறந்துபோவார்கள். பொறுமை இல்லாதவர்கள் கழிவறைக்கு வாங்கிவைத்த ஆசிடை எடுப்பார்கள். இவற்றில் மண்ணெண்ணெய் சாது. இறுகிப்போன நட்டைக் கொஞ்சம் இளக்கும், அதற்கு மேல் துருவை ஒன்றும் செய்யாது. உப்புத்தாளுக்கும் ஆசிடுக்கும் துரு எது, இரும்பு எது என்று தெரியாது. துரு தீர்ந்த இடத்தில் அவை நிற்பதில்லை. அடியில் இருக்கும் நல்ல இரும்பையும் எடுக்கத் தொடங்கிவிடும்.

ஒரு பிளாஸ்டிக் வாளி, கொஞ்சம் சலவை சோடா, ஓர் இரும்புக் கம்பி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். இவற்றை வைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய மின்னாற்பகுப்பு அந்த ரகம் இல்லை. துரு கழன்றதும் அதற்கு அங்கே வேலை முடிந்துவிடுகிறது. மறந்துபோய்ச் சில மணி நேரம் கூடுதலாக விட்டாலும் பொருளின் இரும்பு கரையாது. பழைய இழைப்புளியின் தகடு, உளி, தாத்தா காலத்து வைஸ், தையல் மெஷினின் பாகங்கள் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

அது ஏன் அப்படி என்று புரிய, துரு எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். துருப்பிடிப்பதே ஒரு மின்சார வேலைதான். பளபளப்பான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டால், சொட்டின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். நடுப்பகுதிக்கு அவ்வளவு கிடைக்காது. இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே அந்தச் சொட்டைச் சின்ன பேட்டரியாக்கிவிடும். நடுவில் இருக்கும் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரையும். அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடி ஆக்சிஜனிடம் சேரும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் 1920-களில் இந்தச் சொட்டுச் சோதனையைக் கொண்டுதான் துருவின் மின்தன்மையை விளக்கினார். குழி விழுவது நடுவில். துரு படிவது அதைச் சுற்றி வளையமாக. கடற்கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பி சீக்கிரம் பாழாவதற்கும் இதுவே காரணம். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது.

இரும்பு எலக்ட்ரானை இழப்பதால்தான் துரு என்றால், அதற்குள் எலக்ட்ரானைத் திணித்தால் என்ன ஆகும்? இந்த யோசனை பழையது. கப்பல்களின் அடிப்பாகத்தில் போர்த்திய செப்புத் தகடு கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க, ஹம்ஃப்ரி டேவி 1824-ல் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு வழி சொன்னார். செம்பைத் தொட்டுக்கொண்டு ஓர் இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ பொருத்திவிட்டால், அது தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும். (எலக்ட்ரான் என்ற பெயரே பிறக்க இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் இருந்தன.) செம்பு உண்மையிலேயே தப்பித்தது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுக்குப் பயந்து அதுவரை அண்டாமல் இருந்த பாசியும் சிப்பிகளும் இப்போது தைரியமாக வந்து ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அறிவியல் சரி, கப்பலுக்குத்தான் ஒத்துவரவில்லை.

நம் வாளிக்கு வருவோம். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா போதும். சோடாவின் வேலை தண்ணீரில் மின்சாரம் ஓட வழி செய்வதுதான், துருவைக் கரைப்பது அல்ல. சலவை சோடா கிடைக்காவிட்டால் ஆப்ப சோடாவை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தால், நீராவியும் கரியமில வாயுவும் போய் அதுவே சலவை சோடாவாகிவிடும். துருப்பிடித்த பொருளில் ஓர் இடத்தை அரம் போட்டு வெள்ளையாக்கி, அங்கே சார்ஜரின் கறுப்பு ஒயரை, அதாவது எதிர்முனையை மாட்ட வேண்டும். துருவின் மேலேயே மாட்டினால் மின்சாரம் சரியாக ஏறாது. சிவப்பு ஒயர், நேர்முனை, வாளியில் நிற்கும் இரும்புக் கம்பிக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பு ஒயரின் கிளிப் தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும், நனைந்தால் கிளிப்பும் கரையும்.

கறுப்பும் சிவப்பும் இடம் மாறினால் கதை தலைகீழ். அப்போது கரைவது நீங்கள் காப்பாற்ற நினைத்த பொருள். சுவிட்சைப் போட்டதும் குமிழிகளைப் பாருங்கள். பொருளிலிருந்து நெருக்கமாகவும் கம்பியிலிருந்து குறைவாகவும் வந்தால் இணைப்பு சரி.

சார்ஜர் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ரகமாக இருப்பது நல்லது. இப்போது வரும் தானியங்கி சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லை என்று கண்டுகொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். இரண்டிலிருந்து ஐந்து ஆம்பியர் ஓடினால் போதுமானது. அதற்கு மேல் ஏறினால் கம்பியைத் தள்ளி வைக்கலாம். சுவரில் இருக்கும் 230 வோல்ட்டை நேரடியாக வாளிக்குள் விடுவது தற்கொலை. அது மாறுமின்னோட்டம் என்பதால் துருவும் போகாது.

வாளிக்குள் நடப்பது என்ன? துரு திரும்ப இரும்பாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆசைதான், ஆனால் அப்படி நடப்பது மிகக் குறைவு. பழுப்பு நிறத் துருவில் பெரும்பகுதி எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. பழுப்புத் துருவைவிட இது அடர்த்தியானது, குறைந்த இடத்தில் அடங்கும். அதனால் துருப் படலம் சுருங்கி வெடித்து, இரும்பின் மேல் இருந்த பிடியை இழக்கிறது. அடியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் அதை நெம்பித் தள்ளுகின்றன. இந்தக் கறுப்புச் சேற்றைக் காயவைத்துக் காந்தத்தைக் காட்டினால் துள்ளி ஒட்டிக்கொள்ளும்.

ஹைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போடலாம். ஃபாரடேயின் விதிப்படி ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 450 மில்லி லிட்டர் ஹைட்ரஜன் வரும். மூன்று ஆம்பியரில் எட்டு மணி நேரம் விட்டால் ஏறக்குறைய 11 லிட்டர். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ செய்தால் வாயு பறந்துவிடும், கவலை இல்லை. கதவு சாத்திய குளியலறையில் செய்யக் கூடாது. பொருளை எடுக்கும் முன் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும், பொறி பறப்பது அந்தக் கணத்தில்தான்.

சிவப்பு ஒயரில் மாட்டும் கம்பியைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். இரும்புக் கம்பி மெல்ல அரிபட்டு, சேறு பிடித்து அசிங்கமாகிவிடுகிறது என்று சிலர் எவர்சில்வர் கரண்டியையோ தட்டையோ மாட்டுகிறார்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. நேர்முனையில் அது கரைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிற குரோமியமாக மாறும், தண்ணீர் மஞ்சளாகும். அதைச் சாக்கடையில் கொட்டினாலும் குற்றம், கையில் பட்டாலும் கேடு. கட்டடத்துக்குப் போடும் சாதாரண முறுக்குக் கம்பித் துண்டே போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியும் வேண்டாம். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போடுவதும் தவறு. நேர்முனையில் குளோரின் கிளம்பும். போதாக்குறைக்கு, துருவுக்கு மிகவும் பிடித்த குளோரைடையே இரும்புக்கு ஊட்டியதாகும்.

மின்சாரம் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகப் பார்க்கும். கம்பியைப் பார்த்த பக்கம், வெயில் படும் பக்கத்துத் துணி முதலில் காய்வதுபோல, சீக்கிரம் சுத்தமாகும், மறுபக்கம் பின்தங்கும். பொருளை அவ்வப்போது திருப்பிவைக்கலாம். வாளியைச் சுற்றி நான்கு கம்பிகளை நிறுத்தி ஒயரால் இணைத்துவிடுவது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் இதில் போட்டுவிட முடியாது. அலுமினியத்தைச் சோடாக் கரைசலே அரித்துவிடும். ஸ்பிரிங், ரம்பத் தகடு போன்ற கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் நுழைந்து அதை நொறுங்கும்படி செய்துவிடலாம். வண்டியின் பிரேக் பாகங்களையும் பாரம் தாங்கும் போல்ட்டுகளையும் இதில் போடவே கூடாது. திண்டுக்கல் பூட்டு மாதிரி உள்ளே பித்தளையும் ஸ்பிரிங்குமாக இருப்பதை அப்படியே முக்காமல், கழற்றி இரும்பை மட்டும் போடுவது நல்லது. பெயின்ட் அடித்த பொருள் என்றால் பெயின்ட்டும் உரிந்து வரும். அது உங்களுக்கு லாபமா நஷ்டமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதே வேலையை அருங்காட்சியகங்கள் பெரிய தொட்டிகளில் செய்கின்றன. கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் 1770-ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் தட்டி நின்றபோது, பாரத்தைக் குறைக்க ஆறு பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். 1969-ல் அவை பவளம் மூடிய நிலையில் கிடைத்தன. மெல்போர்னில் அவற்றுக்கு மின்னாற்பகுப்பு செய்தார்கள். அங்கே முக்கிய எதிரி துரு அல்ல, இரும்புக்குள் ஊறியிருந்த உப்பு. கடலிலிருந்து எடுத்த வார்ப்பிரும்பை அப்படியே காற்றில் வைத்தால், உள்ளே இருக்கும் குளோரைடு அதைச் சில நாட்களிலேயே வெடிக்கச் செய்யத் தொடங்கும். பீரங்கியை எதிர்முனையாக்கினால், தானும் எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு அயனி அதிலிருந்து விரட்டப்பட்டு நேர்முனையை நோக்கி வெளியேறும். மெல்லிய மின்சாரத்தில் மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அங்கே 1930-ல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பரமசிவன், பச்சைப் பொடி பூத்து அரிபட்டுக்கொண்டிருந்த செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பால் காப்பாற்றினார். அங்கும் குற்றவாளி குளோரைடுதான். இன்று அருங்காட்சியகத்தார் இதில் அதிக எச்சரிக்கையாக இருக்கிறார்கள். படிந்திருக்கும் அடுக்குகளில் பொருளின் வயதும் வரலாறும் எழுதியிருக்கும், மின்சாரம் அதையும் சேர்த்து உரித்துவிடும். எனவே நிலத்தைத் தோண்டும்போது பழைய வாளோ விக்கிரகமோ கிடைத்தால் வாளியைத் தேடாதீர்கள்; தாசில்தாரிடம் சொல்லுங்கள்.

வெளியே எடுத்ததும் பொருள் கறுப்பாக, வழுக்கலாக இருக்கும். குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் சாம்பல் நிற இரும்பு தெரியும். துரு தின்றுபோன குழிகளும் தெரியும். அவற்றை எந்த மின்சாரமும் நிரப்பாது. அசட்டையாக ஈரத்தோடு விட்டால் சில நிமிடங்களில் ஆரஞ்சு நிறம் படரும். உடனே துடைத்து, வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ ஈரம் போகக் காயவைத்து, கருவிகளுக்கு மெஷின் எண்ணெயும், தோசைக்கல் என்றால் நல்லெண்ணெயும் தடவ வேண்டும். தோசைக்கல்லில் இதுவரை பழகி ஏறியிருந்த எண்ணெய்ப் படலமும் பெரும்பாலும் போயிருக்கும் என்பதால் அதை முதலிலிருந்து பழக்க வேண்டும். அது சமையலறையில் உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தராது.

வாளித் தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை. செலவானது தண்ணீர் மட்டுமே, சோடா அப்படியே இருக்கிறது. குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அடுத்த பொருளைப் போடலாம். அதற்கு முன் முறுக்குக் கம்பியை எடுத்துச் சுரண்டிவிடுங்கள். அதன்மேல் சேறு அப்பிக்கொண்டால் மின்சாரம் குறைந்துவிடும்.