குப்பையோடு போன கொள்வனவாளர்

எங்கள் இரத்தினபுரியில் 'இல்லம்' எனப்படும் மாணிக்கச் சரளையைக் கழுவுவதைப் பார்த்திராத வியாபாரி இருக்க முடியாது. கூடையில் இட்டு நீரில் சுழற்றினால் பாரம் குறைந்த மணல் ஓடிவிடும். கனமானவை அடியில் தங்கும். அதன் பின்னும் அனுபவசாலி ஒருவர் கூடையைக் கண்ணால் துழாவிய பிறகே மிச்சத்தைக் கொட்டுவார்கள். இந்தக் கடைசிப் பார்வையை என் இணையத்தள விடயத்தில் நான் மறந்ததால், நல்லதொரு வியாபாரம் கைநழுவியது.

சில வருடங்களுக்கு முன்னர் எமது மாணிக்க வியாபாரத்துக்கு ஓர் இணையத்தளம் அமைத்தோம். மின்னஞ்சல் முகவரியைப் பகிரங்கமாக எழுதி, விலை விசாரிக்க ஒரு படிவமும் வைத்தோம். முதல் மாதம் வெளிநாடுகளிலிருந்து இரண்டு மூன்று விசாரணைகள் வந்தன. பிறகு லொத்தர் பரிசு, மருந்து, கடன் என்று குப்பை மடல்கள் வந்து குவிந்தன. தொல்லை தாங்காமல் வடிகட்டியை மிகக் கடுமையாக வைக்கச் சொன்னேன். பெட்டி சுத்தமானது. ஒரு நாள் தற்செயலாக ஸ்பாம் பெட்டியைத் திறந்தால், ஒரு சோடி நீலக்கல்லுக்கு விலை கேட்டு ஒருவர் எழுதிய மடல் அங்கே கிடக்கிறது! ஏழு வாரப் பழசு. அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். "பதில் வரவில்லை, வேறிடத்தில் வாங்கிவிட்டேன்" என்றார்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1978 மே 3ஆம் திகதி, அமெரிக்காவின் டிஜிட்டல் இக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்குக் கணினி விளம்பரம் அனுப்பினார். முதலாவது ஸ்பாம் மடல் அதுவே என்பர். இன்றோ மனிதர் உட்கார்ந்து அனுப்புவதில்லை. முகவரிகளைப் பொறுக்குவதும் படிவங்களை நிரப்புவதும் மென்பொருள்களே. ஆகவே அவற்றை வாசலிலேயே மறிக்க வேண்டும்.

நாங்கள் செய்தது இதுதான். முகவரியைப் பக்கத்திலிருந்து எடுத்தோம். படிவத்தில் 'நான் ரோபோ அல்ல' என்னும் கேப்ட்சா சோதனையைச் சேர்த்தோம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றையும் வைத்தோம். மென்பொருள் அதையும் நிரப்பிவிடும், நிரப்பினால் மடல் உள்ளே வராது. ஒரே இடத்திலிருந்து சில நிமிடங்களில் பல மடல்கள் வந்தாலும் தடை. பெரும்பகுதி வாசலிலேயே நின்றதால், உள்ளே வடிகட்டியைத் தளர்த்த முடிந்தது.

நாம் அனுப்பும் மடலும் பிறர் பெட்டியில் குப்பையாகக் கூடாதல்லவா? 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹுவும், மொத்தமாக மடல் அனுப்புவோரிடம் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகளைக் கேட்கின்றன. மடல் உண்மையில் நமது தளத்தின் பெயரால்தான் வந்தது என்பதை இவை காட்டும். நமது பெயரில் வேறொருவர் போலி விலைப்பட்டியல் அனுப்புவதும் கடினமாகும். சிறு வியாபாரிகளும் தளத்தைப் பராமரிப்பவரிடம் சொல்லி இவற்றைச் செய்துகொள்வது நல்லது. கேட்காதவருக்கு விளம்பரம் அனுப்பும் பழக்கமும் வேண்டாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய செய்திகளுக்குப் பெறுபவரின் சம்மதம் தேவையென வகுத்தது.

இப்போது மாலையில் கடை பூட்டுமுன் ஐந்து நிமிடம் ஸ்பாம் பெட்டியைப் பார்க்கிறேன். கல்லின் பெயரோ, எடையோ, அளவோ குறிப்பிட்ட மடல் இருந்தால் எடுத்து வைக்கிறேன். இணைப்புகளையும் சுட்டிகளையும் தொடுவதில்லை. சென்ற மாதம் இப்படி ஒரு விசாரணை மீண்டது. அன்றே பதில் எழுதிவிட்டேன்.