நினைவகத்தில் வாழும் கோப்புகள்

ஸி மொழியில் எழுதிய நிரலை யந்திர மொழிக்கு மாற்றும் ஜிஸிஸி என்னும் கருவி, தன் வேலையின் நடுவே அஸெம்பிளி மொழியில் ஓர் இடைக்கோப்பைச் சிருஷ்டித்து, அடுத்த கட்டம் அதைப் படித்து முடித்ததும் அழித்துவிடுவது வழக்கம். சில விநாடிகளே ஆயுள் கொண்ட அந்தக் கோப்புக்காக, வட்டிலுள்ள கோப்பு முறைமையானது, தலைமுறை தலைமுறையாகக் காக்கவேண்டிய சாசனத்துக்குச் செய்வது போலவே பெயரைப் பதிந்து, இடம் ஒதுக்கி, மாற்றங்களைத் தன் ஜர்னலில் குறித்துக்கொள்கிறது. அழிக்கும்போதும் அதற்கொரு குறிப்பு வேண்டியிருக்கிறது. இந்த வீண் பிரயாசையை ஒழிக்கவே டிஎம்பிஎஃப்எஸ் என்னும் முறைமை தோன்றிற்று.

ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தின் இயங்குதளத்துக்காக உருவான இதன் அமைப்பைப் பீட்டர் ஸ்னைடர் 1990-இல் ஒரு கட்டுரையில் விவரித்தார்; லினக்ஸில் இதே பெயருடைய முறைமை, 2001-இல் வெளிவந்த 2.4 வரிசையோடு வழக்கத்துக்கு வந்தது. இதற்கு முன்பிருந்த ராம் டிஸ்க், நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டைப் போலப் பாவனை செய்து, அதன்மேல் சாதாரணக் கோப்பு முறைமை ஒன்றை நிறுவுவதாகும். அதன் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. டிஎம்பிஎஃப்எஸ்ஸுக்கோ அத்தகைய போலி வட்டு எதுவும் வேண்டியதில்லை. எந்த இயங்குதளமும் வட்டிலிருந்து படித்தவற்றை நினைவகப் பக்கங்களில் சிறிது காலம் வைத்திருக்கும் அல்லவா? அந்தப் பக்கங்களையே கோப்பின் ஸ்திரமான இருப்பிடமாகக் கொண்டுவிடுவதுதான் இதன் விசேஷம். கோப்பு வளர வளர இடம் பெறுகிறது, அழிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வேறு உத்தரவு இல்லாவிடில் லினக்ஸில் நினைவகத்தின் பாதிவரை வளரலாம். நெருக்கடி நேர்ந்தால், பயன்படாத பக்கங்கள் வட்டிலுள்ள ஸ்வாப் பகுதிக்கு அனுப்பப்படும். ஆதலால் ரகசியங்கள் இங்கே வட்டைத் தீண்டாமலே இருந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

ஆயினும் எல்லா வேலையும் இதனால் விரைவுபடும் என்பதற்கில்லை. சாதாரணக் கோப்பு முறைமையும் எழுதுவதைச் சற்றுத் தாமதப்படுத்தி நினைவகத்திலேயே வைத்திருப்பதால், பெரிய கோப்பு ஒன்றிரண்டைக் கையாளுவோர் வித்தியாசத்தை உணராமலே போகலாம். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படைத்துப் படைத்து அழிக்கும் நிரல்களுக்கே இது பேருதவி. ஒளிப்படத் தொகுப்பு போன்ற பெருஞ்சுமையை இங்கே இறக்கினால், மற்ற நிரல்களுக்கு நினைவகம் போதாமற் போகும்.

நினைவகச் சில்லின் நுண்ணிய மின்தேக்கிகளில் தங்கும் மின்னூட்டம், பொதுவாக 64 மில்லிவிநாடிக்குள் புதுப்பிக்கப்பட வேண்டியது. மின்சாரம் நின்றால் கோப்புகளும் மறையும். ஆயினும் தற்காலிகக் கோப்புகளுக்கென்றே உள்ள டிஎம்பி அடைவை, லினக்ஸ் வெளியீடுகளான ஃபெடோரா 18 2013-இலும், டெபியன் 13 2025-இலும் இம்முறைமையில் அமைத்துவிட்டன. யந்திரத்தை நிறுத்தி மறுபடி துவக்கிய பின்னும் இருக்கவேண்டிய தற்காலிகக் கோப்புகளுக்கு, வார் அடைவுக்குள் அதே பெயரில் வேறோர் இடம் வட்டிலேயே உண்டு.