கியாரண்டி பரிசு: எத்தனையாவது சுற்றில், எவ்வளவு செலவில்?



கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை வாங்கும் நாட்களில் தாய்மார்கள் விண்ணப்பத்தோடு வேறு பல கவலைகளையும் கொண்டு வருவார்கள். இந்த முறை சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கமிருந்து வந்தவர்களில் சிலர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பிள்ளை செல்போன் விளையாட்டில் பணம் கட்டுகிறான். ஏன் என்று கேட்டால், “இது சூது இல்லம்மா, கடைசியில கட்டாயம் கிடைச்சிரும், கியாரண்டி இருக்கு” என்கிறான். அவன் சொல்வது உண்மையா?

உண்மைதான், கியாரண்டி இருக்கிறது. பொய்யாக இருந்திருந்தால் ‘ஏமாற்று வேலை, பணம் கட்டாதீர்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருப்போம். உண்மையாக இருப்பதால்தான் கொஞ்சம் விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெட்டிக்கடையில் தொங்கிய பரிசு அட்டை நினைவிருக்கும். காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழிப்போம். உள்ளே இருக்கும் எண்ணுக்கு ஏற்ப மிட்டாயோ, மோதிரமோ, ஒன்றுமில்லையோ. மேலே பெரிய பொம்மை தொங்கும். ஜப்பானில் இதே வேலையை ஓர் இயந்திரம் செய்தது. நாணயம் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் பொம்மை அடைத்த உருண்டை ஒன்று விழும். திருகும் சத்தத்தையும் விழும் சத்தத்தையும் சேர்த்து அதற்குக் ‘காச்சாபோன்’ என்று பெயர் வைத்தார்கள். செல்போன் விளையாட்டுகளில் பணம் கட்டிச் சுழற்றிப் பரிசு எடுக்கும் முறைக்குக் ‘காச்சா’ என்ற பெயர் வந்தது அதிலிருந்துதான். பரிசு என்பது திரையில் மட்டும் இருக்கும் ஒரு பாத்திரம், ஓர் உடுப்பு, துப்பாக்கிக்கு ஒரு வண்ணம். அதை வெளியே எடுத்து விற்க முடியாது.

முதலில் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு கணக்கு. ஒரு பரிசு கிடைக்க 1 சதவீத வாய்ப்பு என்று போட்டிருந்தால், நூறு முறை சுழற்றினால் ஒரு முறை கட்டாயம் விழும் என்று நினைக்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம். கணக்கு அப்படி வருவதில்லை. ஒவ்வொரு சுற்றும் புதிதாகத் தொடங்குகிறது. முந்தைய தோல்விகள் அதற்குத் தெரியாது. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை சுழற்றினால் அவர்களில் சுமார் 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். இருநூறு முறை சுழற்றினாலும் 13 பேருக்குக் கிடைத்திருக்காது.

அந்த 37 பேரின் கோபத்திலிருந்து பிறந்ததுதான் கியாரண்டி. 2016 புத்தாண்டையொட்டி ஜப்பானில் ‘கிரான்புளூ ஃபேன்டசி’ என்ற விளையாட்டில், ஒரே ஒரு பாத்திரத்துக்காக ஓர் ஆட்டக்காரர் நேரலையில் எல்லோரும் பார்க்கச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ 7 லட்சம் யென் செலவான பிறகே அது கிடைத்தது. பெரிய கூச்சல் எழுந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் 300 சுற்று சுற்றியவர் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு வைத்தது. ஜப்பானியர் அதற்கு வைத்த பெயரின் பொருள் ‘மேற்கூரை’. ஆங்கிலம் வழியாக நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த பெயர் ‘பிட்டி’, அதாவது இரக்கம். எங்களைக் கேட்டால் ஜப்பானியர் வைத்த பெயரே பொருத்தம். கூரைக்கு உயரம் உண்டு, அளந்துவிடலாம். இரக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

இன்று பல விளையாட்டுகள் இந்தக் கூரையோடுதான் வருகின்றன. உலகம் முழுக்கப் பேசப்படுவது 2020 செப்டம்பரில் வெளிவந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’. அதில் மிக உயர்ந்த தரப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், ஆயிரத்துக்கு ஆறு. கூரை 90. அதாவது 89 முறை கிடைக்காவிட்டால் 90-ஆவது முறை கட்டாயம் உண்டு. 70-ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் வாய்ப்பு கூடிக்கொண்டே போவதையும், ஆட்டக்காரர்கள் தங்கள் சுற்றுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் 90 சுற்றுக்குப் பிறகும் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ஆகவே கூரையால் ஆட்டக்காரருக்கு நன்மை இல்லை என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் 90-ல் கிடைப்பது பிள்ளை விரும்பிய அந்தப் பாத்திரம்தானா? ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்புதான். வேறு ஒன்று விழுந்துவிட்டால், அடுத்த 90-க்குள் வருவது மட்டுமே உறுதி. எனவே உண்மையான கூரை 180. ஒரு சுற்றுக்கு 160 கற்கள் வீதம் 28,800 கற்கள். விளையாடி இலவசமாகச் சேர்ப்பதும் உண்டு. அவசரப்பட்டு முழுவதையும் வாங்குபவருக்கு 100 டாலர் பொதியில் 8,080 கற்கள் கிடைக்கும். கணக்குப் போட்டால் சுமார் 356 டாலர், நம் பணத்தில் 30 ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. ‘கட்டாயம் கிடைக்கும்’ என்ற சொல்லின் முழு விலை அது. அந்தத் தொகை எழுதிய சீட்டை ஒரு பொம்மையின் மேல் ஒட்டி வைத்தால் நம் ஊரில் எந்தப் பிள்ளை வாங்கும்?

நம் பகுதிப் பிள்ளைகள் அதிகம் விளையாடுவது சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கரீனா நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ என்ற வடிவம் தொடர்ந்து கிடைக்கிறது. அதில் வரும் ‘ஃபேடட் வீல்’ என்ற சக்கரத்தை விளக்க நம் வீட்டுப் பெண்கள் கட்டும் குலுக்கல் சீட்டே போதும். சீட்டில் ஒருமுறை பெயர் வந்தவரை அடுத்த குலுக்கலில் சேர்ப்பதில்லை. அதனால் யாருக்கும் இரண்டு முறை வராது, கடைசி ஆளுக்கு உறுதியாக வந்துவிடும். சக்கரமும் அப்படியே. பத்துப் பரிசில் பிடிக்காத இரண்டை முதலிலேயே நீக்கிவிடலாம். மீதி எட்டு. கிடைத்த பரிசு மறுபடி வராது. எட்டாவது சுற்றுக்குள் பெரிய பரிசு கட்டாயம் வந்தே தீரும்.

வித்தியாசம் இரண்டு. சீட்டில் கட்டிய பணம் என்றைக்காவது நம் கைக்குத் திரும்புகிறது, இங்கே திரும்புவதில்லை. சீட்டில் மாதத் தவணை ஒரே தொகை. இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறுகிறது. அடிக்கடி காணப்படும் விலை வரிசை இது: 9, 19, 39, 69, 99, 149, 199, 499 டைமண்ட். முதல் சுற்றின் 9 டைமண்டுக்கு ஏழெட்டு ரூபாய்தான் ஆகும். அதைப் பார்த்துத்தான் பிள்ளை உள்ளே போகிறான். எட்டையும் கூட்டினால் 1,082. அதில் கடைசி இரண்டு சுற்று மட்டும் 698, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எட்டுப் பரிசுக்கும் சம வாய்ப்பு வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டைமண்ட் விற்கும் பொதிகள் 100, 310, 520, 1,060 என்று வருகின்றன. 1,060 பொதி 800 ரூபாய் அளவில் இருக்கும். சக்கரத்தை முடிக்க வேண்டியது 1,082. பெரிய பொதியை வாங்கிய பிள்ளைக்கும் 22 டைமண்ட் குறைகிறது. அந்த 22-க்காக இன்னொரு 100 பொதி வாங்க வேண்டும், 78 மிஞ்சும். மிஞ்சிய 78 சும்மா இருக்குமா? அடுத்த சக்கரம் வரும்போது ‘ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறதே’ என்று நினைக்க வைக்கும்.

கியாரண்டி வேலை செய்யும் இடம் இதுதான். லாட்டரிச் சீட்டில் தோற்றவர் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். நேற்று வாங்கிய சீட்டு இன்று வாங்கும் சீட்டுக்கு எந்த வகையிலும் உதவாது. (அதையே விட முடியாமல் குடும்பங்கள் அழிந்ததால்தான் தமிழக அரசு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தது.) கூரை வைத்த விளையாட்டில் ஒவ்வொரு தோல்வியும் கணக்கில் ஏறுகிறது. 90-க்கு 70 ஆகிவிட்ட பிள்ளையிடம் ‘போதும், நிறுத்து’ என்றால், “இன்னும் இருபதுதான்” என்பான். நிறுத்தினால் கட்டிய எழுபதும் வீண் என்று அவனுக்குத் தோன்றும். கூடவே, சக்கரம் சில நாட்களில் மறைந்துவிடும் என்று திரையில் கடிகாரம் ஓடும். சில விளையாட்டுகளில் எண்ணிக்கை அடுத்த நிகழ்வுக்கும் தொடரும், சிலவற்றில் அழிந்துவிடும். எது எப்படி என்பது விதிமுறைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுச் சுழற்றும் பிள்ளையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

பெரிய பரிசின் எண்ணை அட்டையிலிருந்து முன்பே எடுத்து வைத்துவிடும் கடைக்காரரைப் பற்றி அந்தக் காலத்தில் கேலியாகப் பேசுவோம். தென்கொரியாவில் அது கேலியாக முடியவில்லை. ‘மேப்பிள் ஸ்டோரி’ விளையாட்டில் சில சேர்க்கைகளின் வாய்ப்பைப் பூஜ்யமாக வைத்துவிட்டு அதைச் சொல்லாமல் விற்றதாக, நெக்ஸான் நிறுவனத்துக்கு அந்நாட்டு வணிக ஆணையம் 2024 ஜனவரியில் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் முதல் அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். சீனாவில் 2017 முதலே அப்படி. பெல்ஜியம் 2018-ல் பணம் கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அமெரிக்காவில் கென்ஷின் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பதும் அந்த உடன்பாட்டில் உண்டு.

நம் மாநிலத்தில் 2022-ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2025-ல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குட்பட்டோரைத் தடுக்கின்றன, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவும் விடுவதில்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விதிகளை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமும் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் இவற்றின் முதன்மைக் குறி பணம் கட்டிப் பணம் வெல்லும் ரம்மி போன்ற ஆட்டங்கள். பணம் கட்டி ஓர் உடுப்பை மட்டும் வெல்லும் பிள்ளைக்கு, இன்றைய நிலையில் வீட்டுப் பெரியவர்களே காவல்.

மார்க்கப்படி இது எதில் சேரும் என்றும் கேட்டார்கள். திருக்குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் சூதாட்டத்தை மதுவோடு சேர்த்து விலக்குவதை எல்லோரும் அறிவோம். என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கட்டும் விற்பனை பற்றியும் சட்ட நூல்களில் விரிவான பேச்சு இருக்கிறது. தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பணி. அவர்களிடம் போகும்போது ‘பிள்ளை கேம் விளையாடுகிறான்’ என்று மட்டும் சொல்லாமல், எதற்குப் பணம் கட்டுகிறான், என்ன விழும் என்பது கட்டும்முன் தெரியுமா, கூரை எத்தனை என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. அத்தா சவூதியிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளில் மின்கட்டணம் முதல் மளிகைக் கடை வரை அம்மாவின் போனில் பணம் அனுப்பிக் கொடுப்பது பெரும்பாலும் மகன்தான். யுபிஐ ரகசிய எண் அவனுக்குத் தெரியும். முதலில் அதை மாற்றுங்கள், அடுத்த முறை எண்ணை நீங்களே அழுத்துங்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரவில்லை என்பதால் செலவே இல்லை என்று இருந்துவிடாதீர்கள். பெருநாள் காசை ரீசார்ஜ் கடையில் கொடுத்து ‘கூகுள் பிளே ரீடீம் கோடு’ வாங்கி ஏற்றிவிடலாம். அதற்கு வங்கிக் கணக்கே தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் பாதி விலைக்கு டைமண்ட் தருகிறேன் என்பவர்களிடம் பணத்தை இழந்திருந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

பிள்ளை பயன்படுத்தும் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் ‘பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரி’ என்பதைப் பாருங்கள். அந்தக் கணக்கில் இதுவரை வாங்கியவை தேதியோடும் ரூபாயோடும் அங்கே வரிசையாக இருக்கும். அங்கேயே மாத வரம்பு வைக்கலாம், ஆனால் அது எச்சரிக்கும், தடுக்காது. தடுக்க வேண்டுமானால் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்ற வேண்டும், அல்லது ‘ஃபேமிலி லிங்க்’ வழியாகப் பெற்றோர் அனுமதியை இணைக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் வாங்கியது இரண்டு நாட்களுக்குள் கண்ணில் பட்டால், அந்த 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.