உசாவிக் கற்றல்

நீந்தும் முறையைக் கரையில் நின்று ஒருவர் எத்துணைத் தெளிவாக எடுத்துரைப்பினும், கேட்டவர் அதனால் நீந்தக் கற்றவர் ஆகார். நீரில் இறங்குதல் வேண்டும். கைகால்களை அசைத்தல் வேண்டும். இரண்டொரு மிடறு நீர் குடித்தலும் நேரும். இயற்பியலைக் கற்பதும் இத்தகையதே. கேட்டும் படித்தும் நெஞ்சில் நிறுத்திய விதி வேறு. அவ்விதியைத் தானே ஆராய்ந்து தனதாக்கிக்கொண்ட தெளிவு வேறு. இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமையை ஒரு வினாவால் அறியலாம்.

பாரம் ஏற்றிய லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. அப்பொழுது லாரி காரின்மீது செலுத்தும் விசை மிகுதியா? கார் லாரியின்மீது செலுத்தும் விசை மிகுதியா? அன்றி, இரண்டும் சமமா? மாணவர்களே, மேலே படிக்குமுன் உங்கள் விடையை ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நாட்டின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிப்பவர் எரிக் மசூர் என்பார். அவர்தம் மாணவர் கடினமான கணக்குகளையும் தீர்த்தனர். அவர் கற்பித்தலைப் புகழ்ந்தும் உரைத்தனர். தாம் சிறந்த ஆசிரியர் என்றே அவரும் எண்ணியிருந்தார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் இருவர், மாணவர் விதிகளை மனப்பாடமாக ஒப்பித்தும் அவற்றின் பொருளை உணராதிருத்தலை 1985-ஆம் ஆண்டில் கட்டுரைகளாக எழுதியிருந்தனர். 1990-ஆம் ஆண்டில் அவற்றைப் படித்த மசூர், தம் மாணவர் அத்தகையோர் அல்லர் என்று கருதி, மேற்கூறியது போன்ற எளிய வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். அப்பொழுது மாணவி ஒருத்தி எழுந்து, தாங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, தான் உண்மையில் நினைக்கின்றபடி எழுதுவதா என்று வினவினாள். அவ்வொரு வினா ஆசிரியரைத் திடுக்கிடச் செய்தது. பாடம் கூறும் விடை ஒன்று, நெஞ்சம் நம்பும் விடை மற்றொன்று என இரண்டும் ஒட்டாமலே மாணவர் உள்ளத்தில் குடியிருந்தன!

எழுதியவற்றுள் பல பிழைபட்டன. மசூர் ஒரு வினாவை எடுத்துக்கொண்டு கரும்பலகையில் விளக்கினார். மாணவர் முகங்களில் தெளிவு தோன்றவில்லை. மறுமுறையும் விளக்கினார், குழப்பமே மிகுந்தது. செய்வதறியாது, நீங்களே ஒருவரோடொருவர் உசாவிப் பாருங்கள் என்றார். வகுப்பில் பேரொலி எழுந்தது. என்ன வியப்பு! சில நிமிடங்களில் உண்மை அவர்களுக்குப் புலனாயிற்று. விடையை அப்பொழுதே உணர்ந்த மாணவன், தான் எங்கே இடறினான் என்பதை மறந்திலன்; ஆதலின் தோழனுக்கு அவ்விடத்தைச் சுட்டிக்காட்ட வல்லவனானான். நெடுநாள் முன்னரே கற்ற ஆசிரியருக்கோ அவ்விடறல் நினைவில் இல்லை.

1991-ஆம் ஆண்டு முதல் மசூர் இதனையே தம் கற்பித்தல் முறையாகக் கொண்டார். ஆசிரியர் ஒரு கருத்தைச் சுருங்க விளக்குவார். அதன்மேல் ஒரு வினாவை எழுப்புவார். மாணவர் ஒவ்வொருவரும் வாய் பேசாது தாமே எண்ணித் தம் விடையைத் தெரிவிப்பர். நூற்றுக்கு 30 முதல் 70 பேர் வரை சரியாகக் கூறினால், வேறு விடை கூறிய தோழனைத் தேடிக் காரணங்காட்டி வாதிடுமாறு பணிப்பார். பின்னர் மீண்டும் விடை கேட்பார். முடிவில் தாமும் விளக்குவார். முதலில் தனித்து எண்ணுதல் இம்முறையின் உயிர்நிலையாகும். அஃதின்றேல், முந்திப் பேசுவான் சொல்லையே ஏனையோர் வழிமொழிவர்.

இனி, லாரிக்கும் காருக்கும் வருவோம். இரண்டு விசைகளும் சமமே. ஒரு பொருள் மற்றொன்றின்மீது விசை செலுத்தினால், மற்றதும் அதன்மீது அதே அளவு விசையை எதிர்த்திசையில் செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அங்ஙனமாயின் கார் மட்டும் பெரிதும் நொறுங்குவது ஏன் எனச் சிலர் கேட்பர். நல்ல வினா! விசை சமமாயினும், நிறை குறைந்த காரின் வேகம் நொடிப்பொழுதில் பெரிதும் மாறுகின்றது. நிறை மிக்க லாரியின் வேகம் சிறிதே மாறுகின்றது. காரின் உடலும் லாரியின் உடல்போல் வலியதன்று. விசை என்பது வேறு, அதனால் விளையும் பயன் வேறு. இவற்றை ஒன்றெனக் கொண்டதே இடறலுக்குக் காரணம்.

கருவியின்றிப் பள்ளியிற் செய்யத்தக்க ஆய்வுகளும் உள. நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி ஊசலாகத் தொங்கவிடுங்கள். தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதிவரை 100 செ.மீ. இருக்கட்டும். சிறிதளவே விலக்கி விடுங்கள். அது 20 முறை போய்வர ஏறத்தாழ 40 விநாடி ஆகும். கனத்த கல்லைக் கட்டினால் விரைந்து ஆடுமா? நீளத்தைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகுமா? விடையை முன்னரே எழுதிவிட்டுச் செய்து பாருங்கள். கல்லை மாற்றினும் நேரம் மாறாது. கனத்த கல்லைப் புவி மிகுதியாக ஈர்க்கின்றது. எனினும் அதனை அசைத்தலும் அதே அளவு அரிதாகின்றது. நீளம் 50 செ.மீ. ஆனால் 20 விநாடி ஆவதில்லை. ஏறத்தாழ 28 விநாடி ஆகும். நேரம் பாதியாக வேண்டுமெனின் நீளத்தைக் கால்பங்காக, அஃதாவது 25 செ.மீ. ஆகக் குறைத்தல் வேண்டும். முன்னரே எழுதிய விடை பொய்க்கும்பொழுது உள்ளத்தில் எழும் வியப்பு, பாடத்தை என்றும் மறவாமற் செய்யும்.

இது வெறும் விளையாட்டோ என ஐயுறல் வேண்டா. ரிச்சர்டு ஏக் என்னும் அமெரிக்க அறிஞர், 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட மாணவரின் தேர்வுகளை ஒப்புநோக்கி 1998-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் மாணவர் அறியாதிருந்தவற்றுள், உரை கேட்டே பயின்ற வகுப்பினர் சராசரியாக நூற்றுக்கு 23 பங்கைக் கற்றனர். செய்தும் உசாவியும் பயின்ற வகுப்பினர் 48 பங்கைக் கற்றனர்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்பினும் கால்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால்பங்கு கைவரும். பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய பாதியும் நிறையும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் கூறியுள்ளார். இலக்கணம் பயில்வார்க்கு அவர் வகுத்த நெறி இயற்பியல் பயில்வார்க்கும் ஏற்றதாதல் காண்க.

ஆசிரியரும் நூலும் வேண்டா என்பது இதன் பொருளன்று. நீந்துவானுக்குக் கரையில் நிற்கும் ஆசான் இன்றியமையாதவர். ஆயினும் நீரில் இறங்க வேண்டியவன் நீந்துவானே. பிழையாக விடை கூறுதல் இழிவன்று. கூறாது மறைத்துப் பிழையையே உள்ளத்தில் வளர்த்தல்தான் இழிவு. ஏட்டில் நீங்கள் குறித்த விடை தவறாயின் அதனை அழித்துவிடாதீர்கள். ஏன் அவ்வாறு நினைத்தீர்கள் என்பதை அருகிருக்கும் தோழனிடம் கூறுங்கள். அவன் கூறுவதையும் பொறுமையோடு கேளுங்கள். உண்மையான கல்வி அங்கேதான் தொடங்குகின்றது.