பள்ளி வாயிலில் பரம்பரையும் தகுதியும்

கல்லூரியொன்றிற் சேர விரும்பும் பிள்ளையை எதனைக் கொண்டு தெரிவு செய்வது? பிள்ளை தானே பெற்ற புள்ளியைக் கொண்டா, அன்றித் தந்தையோ தாயோ அங்குக் கற்றமையைக் கொண்டா? கண்டி மாநகரிலும் அதன் அயலிலும் ஆண்டுதோறும் பெற்றோர் பலரை வாட்டும் இவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் தகும்.

கண்டியின் புகழ்பெற்ற கல்லூரிகள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தவை. திரித்துவக் கல்லூரி 1872இலும், தர்மராஜ கல்லூரி 1887இலும், கிங்ஸ்வூட் கல்லூரி 1891இலும் தோன்றின. இலவசக் கல்வி 1945இல், கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. திரித்துவக் கல்லூரி போன்ற சில, தனியார் கல்லூரிகளாகவே நிலைத்துத் தத்தம் விதிப்படி மாணவரைச் சேர்த்து வருகின்றன.

அரசினர் கல்லூரிகளுக்கு இரு வாயில்கள் உள. முதலாவது, முதலாந் தரம். 2010ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள், அயலில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு அரைப்பங்கு இடங்களையும், பழைய மாணவரின் பிள்ளைகளுக்குக் காற்பங்கு இடங்களையும் ஒதுக்கின. பெற்றோர் அங்குக் கற்ற ஆண்டுகள், அடைந்த தேர்ச்சிகள், கல்லூரிக்கு ஆற்றிய தொண்டு என்பனவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. குழந்தைக்குப் பதிலாகப் பெற்றோரே பரீட்சைக்கு அமர்ந்தாற் போன்றது இம்முறை. இரண்டாவது வாயில், ஆறாந் தரம். இங்கு ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் 200க்குப் பெற்ற புள்ளியே அளவுகோல். கல்லூரிதோறும் மொழிமூலந்தோறும் வெட்டுப்புள்ளி வேறுபடும்.

பழைய மாணவருக்குச் சலுகை காட்டுவதில் நியாயம் இல்லாமலில்லை. கட்டடம் எழுப்பவும், நூலகம் அமைக்கவும், விளையாட்டை வளர்க்கவும் அவர்கள் பொருளும் உழைப்பும் நல்குகின்றனர். ஆயினும், பழைய மாணவராகும் வாய்ப்பே முன்னர்ப் பெறாதோர் நிலை யாது?

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். ஐந்தாண்டு கழித்துத் திரித்துவக் கல்லூரி தோன்றிற்று. எனவே தோட்டமும் கல்லூரியும் ஏறத்தாழ ஒரே காலத்தன. எனினும் தோட்டத் தொழிலாளரின் மக்கள் கற்றது தோட்டப் பாடசாலைகளிலேயாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970ஆம் ஆண்டுகளிலேதான். பாட்டன் நுழையாத வாயிலில் தந்தையும் நுழைந்திலன். அதனையே காரணமாக்கி மகனையும் நிறுத்துதல், பழைய அநீதிக்குப் புதிய விதி வகுப்பதாகும். லயத்தில் வாழும் குடும்பத்துக்கு வீட்டுறுதிப் பத்திரமும் இல்லாமையால், அயலில் வசிப்போர் என்ற வழியும் எளிதன்று.

பரீட்சையும் குறையற்றதன்று. பத்து வயதுப் பிள்ளை தனியார் வகுப்புகளுக்கு அலைவதும், பணமுள்ளோர் மிகுந்த பயிற்சி பெறுவதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் விடை எழுதுவது பிள்ளையின் கை. புசல்லாவையிலிருந்தும் கலஹாவிலிருந்தும் வரும் பிள்ளைக்கும் அது திறந்திருக்கின்றது. பெற்றோரின் பள்ளி வரலாற்றை எப்பிள்ளையாலும் திருத்த இயலாது.

முதலாந் தர அனுமதிச் சுற்றறிக்கை அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு முரணானது என இலங்கை உயர்நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. எனினும் பழைய மாணவர் பிரிவு பின்னரும் நிலவிற்று. அமெரிக்காவிலோ, பரீட்சையிற் சிறந்த யூத மாணவரின் தொகையைக் குறைக்கும் நோக்கம் 1920ஆம் ஆண்டுகளிற் பல்கலைக்கழகங்களில் இத்தகைய சலுகை வேரூன்றத் துணைசெய்தது. கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றிய சட்டத்தால் தனியார் பல்கலைக்கழகங்களிலும் அதனைத் தடைசெய்தது.

பிறப்பினுங் கல்வியே சிறப்புடைத்து என்னும் கருத்தைப் புறநானூற்றிலே பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியுள்ளான். அக்கருத்தை ஏற்போர் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, பழைய மாணவரின் பங்கைக் குறைத்து ஆறாந் தர இடங்களைப் பெருக்குதல். மற்றொன்று, தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் உள்ள பாடசாலைகளை நகரக் கல்லூரிகளுக்கு நிகராக உயர்த்துதல். இவ்விரண்டாவது நிறைவேறுமாயின், எவ்வாயிலிலும் நெரிசல் குறையும்; பரம்பரையா புள்ளியா என்னும் வழக்கும் தானே தணியும்.