வைரத்தோடு வாங்கப் போகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

தங்கத்தின் அன்றைய விலை பேப்பரிலேயே வந்துவிடுகிறது. வைரத்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. அதனால்தான் கல்யாணத்துக்கு ஏழுகல் தோடு எடுக்கப் போகிறவர்கள், கடைக்காரர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று தவிக்கிறார்கள். வழக்கமாக எழும் சில சந்தேகங்களைப் பார்ப்போம்.

நகையில் ஹால்மார்க் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பி.ஐ.எஸ். முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி.யும் தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே. வைரத்துக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் சான்றிதழைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கடையே தன் லெட்டர்பேடில் அடித்துத் தரும் தாள் சான்றிதழ் ஆகாது.

'வி.வி.எஸ்.' கல்தான் வாங்க வேண்டும் என்கிறார்களே?

நம் ஊர்க் கடைகளில் அதிகம் காதில் விழுவது 'ஈ.எஃப்., வி.வி.எஸ்.' என்பதுதான். முன்னது நிறம். 'டி'யில் தொடங்கி 'இசட்' வரை போகப் போக மஞ்சள் ஏறும். பின்னது உள்ளே இருக்கும் குறைகளின் அளவு. வி.வி.எஸ்., அதற்கு அடுத்த வி.எஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில்தான் தெரியும். காதில் போட்ட 10 சென்ட் கல்லில் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வி.எஸ். வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தை நல்ல 'கட்'டுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். கல் டாலடிப்பது வெட்டினால்தான். ஷோரூம் விளக்கில் எல்லாக் கல்லும் மின்னும். வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

மொத்தம் ஒரு கேரட் என்றால் ஒரு கேரட் கல்லின் விலையா?

இல்லை. ஒரு கேரட் என்பது 100 சென்ட். எடையில் 200 மில்லிகிராம். ஒரே கல்லாக ஒரு கேரட் கிடைப்பது அரிது. பத்துப் பொடிக் கல் சேர்ந்து ஒரு கேரட் ஆனால் அதைவிட விலை மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜோடித் தோட்டில் 14 கல், ஒவ்வொன்றும் 10 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.4 கேரட், அதாவது 0.28 கிராம். இந்த எடையைக் கழித்த பிறகுதான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். கழிக்காவிட்டால், இல்லாத தங்கத்துக்கு, அதுவும் கால் கிராமுக்கு மேல், பணம் கட்டுவீர்கள்; அதற்கும் சேர்த்துச் சேதாரம் வேறு! பில்லில் மொத்த எடை, நிகர எடை, வைரத்தின் எடை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

'ப்ளூ ஜாகர்', 'பெல்ஜியம் கட்டிங்' என்பதெல்லாம்?

ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. வெயிலில் நீலம் காட்டும் அந்தச் சாயலுக்குப் பாட்டிகள் கூடுதலாகக் கொடுத்தார்கள். உலகச் சந்தையிலோ, நீல ஒளிர்வு அதிகமுள்ள வெள்ளைக் கல்லுக்குப் பொதுவாக விலை குறைவு. பெல்ஜியத்தைப் பொறுத்தவரை, உலகின் பெரும்பாலான வைரங்கள் பட்டை தீட்டப்படுவது சூரத்தில். பெயருக்காகத் தனி விலை தராதீர்கள்.

கடையில் மெஷின் வைத்துக் காட்டினால் நம்பலாமா?

கல்லில் வைத்ததும் 'பீப்' அடிக்கும் அந்தக் கையடக்கக் கருவி வெப்பம் கடத்துவதை மட்டுமே பார்க்கிறது. வைரம் போலத் தோன்றும் மாய்சனைட் கல்லும் அதை ஏமாற்றிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேதியியல்படி வைரமே என்பதால் அதற்கும் 'பீப்' அடிக்கும். அதைப் பிரித்தறியத் தனிக் கருவிகள் வேண்டும். ஆய்வக வைரம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதன் விலை சில ஆண்டுகளாகச் சரிந்து வருகிறது. திரும்ப எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கரும்புள்ளி இருந்தால் தோஷமா?

மண்ணுக்கடியில் உருவாகும்போது சிக்கிய கனிமத் துணுக்குதான் அந்தப் புள்ளி. விலையைக் குறைக்கும், குடும்பத்தை ஒன்றும் செய்யாது. மனம் ஒப்பவில்லையென்றால் வேறு கல் எடுங்கள். ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கல் வாங்கி வருபவர்கள், எடையும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டோடு வாங்கி வாருங்கள்.

எல்லாம் சரி, பிறகு தகராறு வந்தால்?

இயற்கையா, ஆய்வகமா, எத்தனை கல், என்ன நிறம், என்ன தரம், திரும்பக் கொடுத்தால் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் பில்லில் எழுத்தில் இருக்கட்டும். 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் வாங்காதீர்கள். புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.